மலையில் கழற்றும் மாஸ்க்

என் மனைவி கத்தரீனாவின் வாயை நான் கடைசியாக நல்ல வெளிச்சத்தில் பார்த்தது எப்போது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. விக்னராஜாவைக் கேட்டால் சொல்லுவான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

இலங்கையில் சண்டை முடிந்த பிறகு இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்தவர்கள் நாங்கள். மகள் கூப்பிட்டாள், வந்தோம். பிறகு மகள் லண்டனுக்குப் போய்விட்டாள். நாங்கள் இங்கேயே நின்றுவிட்டோம். இந்த வயதில் எனக்குக் கிடைத்த வேலை பல்லரோச் சந்தையில், தோத்தோ என்ற சிசிலிக்காரனின் அடுப்படி. ஆட்டுக்குடலை வெங்காயத்தாளில் சுற்றிக் கரிநெருப்பில் சுடுவது. ஸ்திக்யோலா என்பார்கள். சுடுவதை எவனும் சுடுவான். புகை எழுப்புவதில்தான் வேலை இருக்கிறது. ஒரு துண்டுக் கொழுப்பைத் தணலில் சரியான இடம் பார்த்துப் போட வேண்டும். வெள்ளைப் புகை குப்பென்று கிளம்பிச் சந்து முழுக்கப் போகும். அந்தப் புகையைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வருவார்கள். தோத்தோ பெயர்ப்பலகை வைக்கவில்லை, கூவி விற்பதும் இல்லை. என் புகைதான் அவனுக்குப் பலகை. "நொன்னோ, ஃபூமோ!" என்று கத்துவான். தாத்தா, புகை போடு என்று அர்த்தம். போடுவேன். என்னைப்போலப் புகை எழுப்ப இந்தச் சந்தையில் ஆளில்லை என்று அவன் பலபேருக்கு முன்னால் சொல்லியிருக்கிறான். சிசிலிக்காரன் சொல்வதை நான் லேசில் நம்புவதில்லை. இதை நம்பினேன்.

கத்தரீனாவுக்கு நெஞ்சு நொய்மை. போன குளிருக்கு முந்தின குளிரில் காய்ச்சல் வந்து, இருமி இருமி முகம் நீலம் பாரித்து, ஆசுப்பத்திரியில் வைத்திருந்தார்கள். டொக்டர் கூப்பிட்டுப் பேசும்போது எங்களுக்கு மொழி வேண்டுமே. எனக்குத் தெரிந்த இத்தாலியன் அடுப்பைச் சுற்றியே நின்றுவிடும். அப்போதுதான் விக்னராஜா வந்தான். லிபெர்த்தாத் தெருவில் ஒரு பணக்காரக் கிழவரைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. இருபது வருசமாக இந்த ஊரில் கிடக்கிறவன், பேச்சுச் சுத்தம். மனிசி செத்துப்போனது. எப்போதும் வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டையோடு திரிகிற ஆம்பிளையை நான் நம்புவதில்லை.

உள்ளே கத்தரீனாவும் அவனும் டொக்டரும். கூட ஒரு ஆளுக்குத்தான் இடம் என்று நர்ஸ் என்னை வெளியே வாங்கில் இருத்திவிட்டாள். கலியாணம் கட்டியவன் வெளியே, வழியால் வந்தவன் உள்ளே.

கதவு திறந்து இரண்டு பேரும் வந்தார்கள். "என்னவாம்?" என்றேன்.

கத்தரீனா அவனைப் பார்த்தாள். அவன் நிலத்தைப் பார்த்தான்.

"தூசி ஆகாதாம் அண்ணை," என்றான் விக்னராஜா. "அக்கா இனி மாஸ்க் போட்டுக்கொண்டுதான் இருக்கவேணுமாம்."

"இவ்வளவு நேரம் உள்ளை இருந்து இந்த ரெண்டு சொல்லுத்தானோ?"

"டொக்டர்மார் வளவளவெண்டு கதைப்பினம் அண்ணை. விசயம் இதுதான்."

அவள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. கட்டினவனுக்குத் தெரியாத ஒன்று அந்தப் பார்வைக்குள் இருந்தது.

அன்றிலிருந்து மாஸ்க். நீலம், பச்சை, பிறகு மூக்கு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிற வெள்ளை. அந்த வெள்ளை நல்ல சாமானாம், கிழவரின் வீட்டுக்கு வாங்குகிற பார்மசியில் சொல்லி விக்னராஜா எடுத்துத் தருகிறானாம். பஸ்ஸில் அவள் ஏறினால் பக்கத்து சீற்றுச் சிஞ்ஞோரா சிலுவை போட்டுக்கொண்டு எழும்பி அங்கால் போவாள். சந்தையில் பொடியன்கள் "தொத்தொரேசா" என்று கத்துவார்கள், டொக்டரம்மா என்று பகிடி. பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரம் எல்லாருடைய கையும் எங்கள் வாங்குக்கு முன்னால் நின்றுவிடும். காசநோய் என்று நினைத்தார்கள்.

கத்தரீனா கவலைப்படவில்லை. ஒருநாள் பஸ்ஸில் ஒரு மனிசி மூக்கைப் பொத்திக்கொண்டு முறைத்தபோது இவள் தெளிவாக இத்தாலியனில் ஒரு வசனம் சொன்னாள். அந்த மனிசியின் முகம் சிவந்துவிட்டது.

"என்ன சொன்னனீ?" என்றேன்.

"என்னட்டை இருந்து உங்களைக் காப்பாத்த இல்லை, உங்களிட்டை இருந்து என்னைக் காப்பாத்தத்தான் இது எண்டு சொன்னனான்."

நான் நன்றாகச் சிரித்தேன். "ஆர் சொல்லித்தந்தது?"

"விக்னராஜா."

அதோடு என் சிரிப்பு நின்றது.

வெளியே போடட்டும், தெருவில் தூசி. வீட்டுக்குள்ளும் போட்டாளே, அதைத்தான் நான் யோசித்தேன். நான் வேலை முடிந்து படியேறி வரும்போது அவள் சாப்பிட்டு முடித்திருப்பாள். எனக்குச் சோற்றைப் போட்டுத் தந்துவிட்டு மாஸ்கோடு யன்னலடியில் போய் இருப்பாள். குளிர் காலத்திலும் யன்னல் திறந்திருக்கும். நான் போய்ச் சாத்துவேன். கொஞ்சத்தால் பார்த்தால் திரும்பத் திறந்திருக்கும். தேத்தண்ணி குடிக்கிற நேரம் மாஸ்கின் கீழ்ப்பக்கத்தை ஒரு விரலால் தூக்கிக் கோப்பையை உள்ளே விட்டு உறிஞ்சுவாள். படுக்கையில் துணி மாஸ்க். முகம் சுவர்ப்பக்கம்.

"வீட்டுக்குள்ளை என்ன தூசி?" என்று கேட்டேன்.

"பழகிப்போச்சு."

"என்ரை முகத்தைப் பாக்க விருப்பமில்லையெண்டாச் சொல்லு."

"முகத்தைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறன். கண்ணை மூடேல்லையே."

இப்படித்தான் பதில். வாய் தெரியாதபடியால் பகிடியா உண்மையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கண்ணை மட்டும் பார்த்து ஒரு மனிசரை அறியலாம் என்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். கண் எதையும் காட்டிக்கொடுக்காது. வாய்தான் காட்டிக்கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ரொசாலியா அம்மாவின் மலைக்குப் போவாள். இந்த ஊர்த் தமிழர் எல்லாரும் போகிற இடம், பெல்லெக்ரீனோ மலை. அங்கே குகைக்குள் அந்தப் புனிதையின் கோயில். வேதக்காரரும் போவார்கள், சைவக்காரரும் போவார்கள். விக்னராஜா சைவக்காரன். ஆனாலும் ஒரு ஞாயிறு தவறவிடமாட்டான். எனக்கு முழங்கால் சரியில்லை, நான் போவதில்லை. மத்தியானத்துக்குப் பிறகு சந்தை வேலையும் இருக்கிறது. அவள் பெண்களோடு போகிறாள், வருகிறாள் என்றுதான் இருந்தேன்.

பங்குனி மாதம். எங்கள் கீழ்வீட்டுச் செலஸ்ரீனா அடுப்படிக்கு வந்தாள். மலைக்குப் போகிற கூட்டத்தில் அவளும் ஒரு ஆள். ஊர்ப்புதினம் எல்லாம் அவளின் பைக்குள்ளேதான் இருக்கும், மீன் வாங்க வந்தாலும் அதில் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுத்தான் போவாள்.

"என்ன அண்ணை, இஞ்சை நீங்கள் புகைக்கை நிண்டு வேகிறியள், அங்கை அக்காக்கு மலையிலை நல்ல சிரிப்பு."

"ஆருக்கு?"

"கத்தரீனா அக்காக்குத்தான். அவவுக்கு இப்பிடிச் சிரிக்கத் தெரியுமெண்டு எனக்கே போன கிழமைதான் தெரியும். பல்லெல்லாம் தெரிஞ்சுது."

கையில் இருந்த கொழுப்புத் துண்டு தணலில் விழுந்தது. விழ வேண்டிய இடத்தில் விழவில்லை.

"மாஸ்க் போடேல்லையோ?"

"மலைக்கு வந்தாக் கழட்டிப்போடுவா. விக்னராஜா அண்ணை ஏதோ சொல்ல இவ சிரிக்க, இவ சொல்ல அவர் சிரிக்க... நல்ல காத்து அண்ணை அங்கை. நீங்களும் ஒருக்கா வாருங்கோவன்." சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு, "சிவனே, என்ன புகை," என்று போய்விட்டாள். பெயர் செலஸ்ரீனா, கூப்பிடுவது சிவனை. இந்த ஊரில் எல்லாம் கலந்துபோயிற்று.

அன்று தோத்தோ இரண்டு தரம் "ஃபூமோ" என்று கத்தியும் எனக்குக் கேட்கவில்லை. பல்லெல்லாம் தெரிந்ததாம். என் சோற்றைப் போட்டுத் தருகிற மனிசி, என் படுக்கையில் படுக்கிற மனிசி, எனக்குக் காட்டாத பல்லை வெள்ளைச் சட்டைக்காரனுக்குக் காட்டுகிறாள். உடுப்பைக் கழற்றியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது என்று அந்த நேரம் நினைத்தேன். நினைத்ததை நினைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு அவள் வெளிக்கிட்டுப் போக விட்டு, நான் பின்னால் வந்த பஸ்ஸைப் பிடித்தேன். என்னிடம் இருக்கிற ஒரே தடித்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டேன், சந்தைக்குப் போடுகிற அதே ஜக்கெற். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. பக்கத்தில் இருந்த சிசிலிக் கிழவன் என்னை மோந்து பார்த்துவிட்டு, "ஸ்திக்யோலா," என்று சொல்லி வயிற்றைத் தடவிக்காட்டினான். நான் யன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

கோயிலடியில் இறங்கினேன். குகை வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே மெழுகுதிரிப் புகை, பாறையில் இருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம், எங்கள் ஆட்கள் முழங்காலில். அவள் அதற்குள் இல்லை. கொஞ்சம் தள்ளி, தூரத்தில் மொண்டெல்லோக் கடல் தெரிகிற இடத்தில் ஒரு கல் கட்டு இருக்கிறது. அதில் இரண்டு முதுகு. ஒன்று என் மனிசியின் சால்வை. மற்றது வெள்ளை.

பைன் மரத்தோடு ஒட்டி நின்றேன். ஒருவரோடு ஒருவர் முட்டவில்லை, இடையில் ஒரு ஆள் இருக்கலாம். அதை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாஸ்க் அவள் மடியில் மடித்துக் கிடந்தது. விக்னராஜா தோடம்பழம் உரித்துச் சுளையை ஒரு கடதாசியில் வைக்க, அவள் எடுத்து வாயில் போட்டாள். என்னோடு ஒரு கோப்பைத் தேத்தண்ணியை ஒளித்துக் குடிக்கிறவள், அங்கே வாயைத் திறந்து பழம் சாப்பிடுகிறாள். அவன் ஏதோ சொன்னான். அவள் தலையைப் பின்னால் போட்டுச் சிரித்தாள். முகம் எனக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தத்தை நான் மறந்தே போயிருந்தேன்.

மரத்தை விட்டு நடந்தேன். காற்று என் முதுகுப்பக்கமிருந்து அடித்தது. நான் கூப்பிடவில்லை, செருமவில்லை, சருகுகூட மிதிபடவில்லை. இன்னும் நல்ல தூரம் இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆனால் கை மடிக்குப் போனது, மாஸ்கை எடுத்தது, காதில் மாட்டியது. பிறகுதான் திரும்பினாள்.

இந்த மலையில் வேறு எவரைக் கண்டாலும் கழற்றியபடி இருக்கிறவள், புருசனுக்கு மட்டும் மூடுகிறாள்.

"ஏன் மூடினனீ? திற!" என்று கத்தினேன்.

விக்னராஜா எழும்பிவிட்டான். "அண்ணை..."

"நீ பொத்தடா வாயை. என்ரை மனிசியோடை கதைக்கிறன். எல்லாருக்கும் திறந்திருக்கிற வாய் எனக்கு மட்டும் என்ன கடையடைப்போ?"

கோயிலடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செலஸ்ரீனாவும் அதற்குள் நின்றாள், நிற்காமல் இருப்பாளா.

கத்தரீனா கத்தவில்லை. "இருங்கோ," என்றாள். "மலையேறி வந்த மூச்சு வாங்குது உங்களுக்கு."

"நான் வாறது உனக்கு எப்பிடித் தெரியும்? பின்னாலை கண்ணிருக்கோ?"

"மணந்தது."

"என்ன மணந்தது?"

"நீங்கள்தான். வேறை என்ன? மலை முழுக்க வேறை ஆருக்கு ஆட்டுக்குடல் மணக்கும்?" சொல்லும்போதே இருமல் வந்தது. குனிந்து, கட்டைப் பிடித்துக்கொண்டு, சால்வை குலுங்கக் குலுங்க இருமினாள். நான் கிட்டப் போனேன். விக்னராஜா குறுக்கே கையை நீட்டினான்.

"கிட்டப் போகாதேங்கோ அண்ணை. அங்காலை, அந்தப் பக்கமா நில்லுங்கோ. காத்து உங்களைத் தொட்டுக்கொண்டு அக்காவிலை வராமல்."

"என்ரை மனிசியிட்டை நான் போக நீ ஆரடா இடம் காட்ட?"

"அண்டைக்கு டொக்டர் சொன்னது தூசியை இல்லை அண்ணை," என்றான். குரல் உயரவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல். "புகை. புகையும் புகை பிடிச்ச உடுப்பும்தான். பக்கத்திலை இருக்கவே கூடாதாம். நான் உங்களிட்டைச் சொல்லத்தான் வந்தனான். அக்கா சொல்ல வேண்டாம் எண்டு கையைப் பிடிச்சுக் கேட்டவ."

"கையைப் பிடிச்சோ?"

"ஐயோ, சும்மா ஒரு பேச்சுக்கு அண்ணை."

கத்தரீனா இருமி முடித்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வடிந்து மாஸ்கின் விளிம்பு நனைந்திருந்தது.

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன செய்வியள்? வேலையை விடுவியள். விட்டிட்டு வீட்டுக்கை இருந்து என்னோடை கொழுவுவியள். இந்த ஊரிலை உங்களை ஆராவது ஒரு சொல்லு நல்லாச் சொன்னவையெண்டா அது அந்தப் புகைக்குத்தான். ஒவ்வொரு நாளும் வந்து சொல்லுவியள், தோத்தோ இப்பிடிச் சொன்னவன், அப்பிடிச் சொன்னவன் எண்டு. அதையும் நான் பறிக்கிறதோ?"

"அதுக்கு ரெண்டு வருசம் மூடிக்கொண்டு இருந்தனீயோ?"

"மாஸ்க்தானே. போட்டாப் பேசாமல் கிடக்கும். உங்களை மாதிரிக் கத்தாது."

"இவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கலாம்!"

"இவர் உள்ளுக்கை இருந்து கேட்டவர். காதை வெட்டிப்போட்டே அனுப்புறது?"

"ரெண்டு வருசமா உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு ரகசியம்."

"ஓம், பெரிய ரகசியம்," என்றாள். "சளி ரகசியம். உங்களுக்கும் பங்கு தரவோ?"

செலஸ்ரீனா சிரித்தது எனக்குக் கேட்டது. அவள் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன், குகைக்குள் போய்விட்டாள்.

யன்னலை நான் சாத்தச் சாத்த அவள் திறந்தது நினைவு வந்தது. ஜக்கெற்றைக் கழற்றினேன். நல்ல குளிர். அதைக் கொண்டுபோய்ப் பைன் மரத்துக் கொப்பில் தொங்கவிட்டேன். திரும்பி வந்து விக்னராஜா காட்டின பக்கத்தில், காற்று போகிற பக்கமாக, கட்டின் மற்ற நுனிக்குக் கிட்ட இருந்தேன். பற்கள் கிடுகிடுத்தன. விக்னராஜா தன் கழுத்துத்துணியைக் கழற்றி நீட்டினான். வேண்டாம் என்றேன். பிறகு வாங்கினேன். பூ மணம்கூட இல்லை அதில், கிழவருக்காக மணமில்லாத சவர்க்காரம் போடுகிறவனாம். அதையும் இருமல்காரருக்கு ஏற்றபடி வைத்திருக்கிறான்.

கீழே மொண்டெல்லோவில் கடல் பளபளத்தது. பிறகு கத்தரீனா மூக்கைக் கொஞ்சம் விட்டுப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம். ஒரு காதைக் கழற்றினாள், மற்றக் காதையும் கழற்றினாள்.

கன்னத்தில் இரண்டு பக்கமும் மாஸ்கின் கோடு பதிந்து கிடந்தது. வாயின் ஓரங்கள் நான் நினைத்துக்கொண்டிருந்ததை விடக் கீழே இறங்கியிருந்தன. மேலுதட்டில் புதிதாக ஒரு சுருக்கம். கிழவியாகிவிட்டாள், எனக்குச் சொல்லாமல்.

"என்ன, புதினம் பாக்கிறியள்?" என்று கேட்டாள். அப்போது பார்த்தேன். மேல்வரிசையில், பக்கப்பல் ஒன்று இல்லை.

"பல் எங்கை?"

"விழுந்திட்டுது."

"எப்ப?"

அவள் யோசித்தாள். விக்னராஜா வாயைத் திறந்தான். "கார்த்திகையிலை அண்ணை. கச்சான் கொட்டை கடிக்கேக்கை. இந்தக் கட்டிலை இருந்துதான்..."

"உன்னைக் கேட்டனானோ?"

அவன் வாயை மூடினான். ஒரு குளிர்காலம் முழுக்க என் மனிசிக்கு ஒரு பல் குறைவு. எனக்குத் தெரியாது. இவனுக்கு எந்தப் பல், எந்த மாதம், எதைக் கடித்தபோது என்று தெரியும். டொக்டர் சொன்னது, தூசி, புகை எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொள்வேன். இந்தப் பல்லை எப்படிப் பொறுப்பது?

"நாளையிலை இருந்து உடுப்பைக் கீழை படிக்கட்டிலை விட்டிட்டு வாறன்," என்றேன்.

"படிக்கட்டிலை உரிஞ்சுபோட்டு வந்தாச் செலஸ்ரீனாக்கு நல்ல புதினம்."

"சந்தைப் பைப்பிலை முழுகிப்போட்டு வேறை உடுப்பு மாத்திக்கொண்டு வாறன்."

"தலைமயிரிலையும்தான் மணக்குது."

"மொட்டை அடிக்கிறன்."

"மீசை?"

மீசையைத் தொட்டுப் பார்த்தேன். நாற்பது வருசத்து மீசை. "அதையும் வழிக்கிறன்," என்றேன். "அதுக்கும் காணாதெண்டாத் தோத்தோவிட்டைச் சொல்லுறன், நான் வெங்காயத்தாள் சுத்துறன், புகையை நீயே போடு எண்டு. அவனுக்குப் புகை போடத் தெரியாது. ஆட்கள் வராயினம். வராட்டிப் போகட்டும்."

அவள் சிரித்தாள். தலையைப் பின்னால் போட்டு, அந்த ஓட்டை தெரிய, எனக்கு நேராகச் சிரித்தாள். விக்னராஜாவும் சேர்ந்து சிரித்தான்.

"நீ ஏன் சிரிக்கிறாய்?" என்றேன்.

"இல்லை அண்ணை, உங்களை மீசையில்லாமல் நினைச்சுப் பாத்தன்."

"நினைக்காதை."

அவன் அவளுக்கு மற்றப் பக்கத்தில் இருந்தான், காற்று வருகிற பக்கம். சுத்தமானவன் இருக்கிற பக்கம். அதையும் நான் பார்த்துக்கொண்டேன்.

"விக்னராஜா," என்றேன், "அங்கை இருந்தா உனக்கு வெயில் படும். எழும்பி இஞ்சாலை வா, எனக்குப் பக்கத்திலை இரு."

"பரவாயில்லை அண்ணை."

"வா எண்டன்."

வந்தான். எனக்கு அங்கால், காற்று போகிற நுனியில் இருத்தினேன். மரக்கொப்பில் இருந்த ஜக்கெற்றையும் எடுத்துவந்து அவனுடைய பக்கத்தில் வைத்தேன். குளிருக்கு மடியில் போட்டுக்கொள் என்றேன். மரியாதைக்காரன், மறுக்கத் தெரியவில்லை. பல்லரோச் சந்தையின் புகை முழுக்க அந்த வெள்ளைச் சட்டையில் ஏறியது.

கத்தரீனா இதைக் கண்டாள். கடதாசியில் மிச்சமிருந்த தோடஞ்சுளையை எடுத்து என் கையில் வைத்தாள். அடுத்த ஞாயிறு அவன் அவளுக்குப் பக்கத்தில் இருக்க முடியாது. சட்டையைத் தோய்த்தாலும் மணக்கும். எனக்குத் தெரியும், அந்தப் புகையைப் போட்டவன் நான்.